இடது இழுப்பறை, வலது இழுப்பறை

பட்டறை மேசைக்குக் கீழே ஒரு பெட்டி. முன்னால் இரண்டு கதவு, நடுவில் ஒரு பலகை, அதன் இருபுறமும் ஒவ்வோர் அறை, அறைக்கு ஒரு தட்டு. எட்டு ஆண்டுகளுக்கு முன் 18 மி.மீ. பிளைவுட்டில் நானே செய்தது. ஆழம் 22 அங்குலம். கைக்கு எட்டுவது முன்பாதிதான். பின்பாதியில் இருக்கும் கிளாம்ப்பை எடுக்க முழங்காலை மடக்கி உட்கார்ந்து, முன்னால் உள்ளதையெல்லாம் தரையில் இறக்கிவைத்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பசை தடவிய பலகை மேலே காத்திருக்கும்போது இந்தத் தேடல் வேலையையே கெடுத்துவிடும். அப்படி ஒரு முறை ஒரு மேசைப்பலகையின் ஒட்டு திறந்துகொண்ட பிறகுதான், தட்டுகளைக் கழற்றிவிட்டு இழுப்பறை வைப்பது என்று முடிவுசெய்தேன்.

எதன்மேல் ஓடவிடுவது என்பது அடுத்த கேள்வி. பக்கப்பலகையில் காடி எடுத்து, பெட்டிச் சுவரில் அறைந்த மர ரீப்பரின்மேல் ஓடவிடலாம். கடையில் ஜோடியாகக் கிடைக்கும் குண்டு போட்ட டெலஸ்கோப்பிக் சேனலை வாங்கி முடுக்கலாம். அறைகள் இரண்டும் ஒரே அளவு, வாய் அகலம் 18 அங்குலம். ஆகவே இடப்பக்கம் மரம், வலப்பக்கம் சேனல் என்று இரண்டையும் செய்துவிட்டேன். குளச்சலில் கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பட்டறை இது. இரண்டு ஆனி ஆடிச் சாரலையும் இரண்டு ஐப்பசி மழையையும் இந்த இழுப்பறைகள் பார்த்துவிட்டன. ஒப்பிட இப்போது எனக்குக் கையில் ஆதாரம் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புதிதாக ஒரு மேசை செய்து அதில் இழுப்பறை வைப்பதும், ஏற்கெனவே நிற்கும் பெட்டிக்குள் இழுப்பறை சேர்ப்பதும் ஒரே வேலை அல்ல. புதியதில் எல்லா அளவும் நம் கையில். பழையதில் பெட்டி எட்டு வருடம் சுமை தாங்கி, ஈரம் குடித்து, தனக்கென்று ஒரு கோணலை வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கோணலுடன் எது ஒத்துப்போகும் என்பதில்தான் மரத்துக்கும் சேனலுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இருக்கிறது. விலை, எடை, ஓட்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கதவுகளைக் கழற்றி எறிந்தேன். கதவுக்குப் பின்னால் இழுப்பறை வைப்பது பட்டறைக்கு ஆகாது. கதவைத் திற, இழு, எடு, தள்ளு, கதவைச் சாத்து என்று ஒரு உளிக்கு ஐந்து வேலை. அதோடு, திறந்து நிற்கும் கதவின் கனம் வாய் அகலத்தில் முக்கால் அங்குலத்தைத் தின்றுவிடும். கதவு இருந்தே ஆகவேண்டுமென்றால் ரீப்பரையோ சேனலையோ அந்த அளவுக்கு உள்ளே தள்ளி, பின்னால் ஒட்டுக்கட்டை கொடுத்துப் பொருத்த வேண்டும்.

பிறகு மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். இடது அறை முன்னால் 18 அங்குலம், பின்னால் 18 அங்குலமும் ஒரு நூலும். வலது அறை நேர்மாறு, பின்னால் ஒரு நூல் குறைவு. நடுப்பலகை பின்பக்கம் வலதுபுறமாக ஒரு நூல் சாய்ந்து நின்றிருக்கிறது. நூல் என்பது நம் தச்சுக் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தட்டு வைத்திருந்தவரை அது கண்ணில் படவே இல்லை.

இடப்பக்கத்துக்கு எடுத்தது பழைய வீட்டு இடிப்பில் கிடைத்த தேக்கு. முக்கால் அங்குலக் கனத்தில் பக்கப்பலகை, ஆறு அங்குல உயரம். காடியின் ஆழம் மூன்று நூலுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டேன். பலகையில் பாதிக்கு மேல் வெட்டினால் மிச்சம் தாங்காது. ரீப்பர் அயினி. எங்கள் கடற்கரையில் வள்ளம் கட்டும் மரம். வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஆசாரியார் தன் கையிருப்பிலிருந்து கொடுத்தார். பின்பக்கம் அறை அகலமாக இருந்ததால், இடது ரீப்பருக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் பின்முனையில் மெல்லிய ஆப்பு ஒன்று வைத்து முடுக்கினேன். இழுப்பறையைத் தள்ளிப் பார்த்தேன். எங்கே பிடிக்கிறதோ அந்த இடம் ரீப்பரில் பளபளவென்று தெரிந்தது. ரீப்பரைக் கழற்றி அங்கே மட்டும் இழைப்புளியால் ஒரு சீவல், மறுபடி பொருத்தி மறுபடி ஒரு சீவல். நாலாவது தடவை இழுப்பறை உள்ளே போய் நின்றது. அரைநாள் பிடித்தது. அந்த அரைநாளில் பெட்டியை நான் தொடவே இல்லை; இழுப்பறைதான் பெட்டிக்கு ஏற்ப வந்தது.

வலப்பக்கம் கதை வேறு. பக்கவாட்டில் பொருத்தும் சேனலுக்கு ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இடைவெளி வேண்டும். ஆகவே இழுப்பறை வாயைவிட ஓர் அங்குலம் குறைவு. கூடுதலாக அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் விடலாம். அதற்கு மேல் விட்டால் சேனல் பக்கவாட்டில் இழுபட்டுக் குண்டுகள் கடகடக்கும். குறைந்தால் பிதுங்கி இறுகும். மரத்தில் சீவிச் சரிசெய்வது போல இங்கே சீவ எதுவும் இல்லை. என் இழுப்பறையை முன்பக்க அளவுக்குச் சரியாக 17 அங்குலத்தில் செய்துவிட்டேன். முன்னால் பாதி தூரம் பட்டுப்போல் போனது. பின்பாதியில் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டது. பலமாகத் தள்ளியதில் குண்டுகளைத் தாங்கும் தகடு ஒரு பக்கம் வளைந்துபோயிற்று. அந்த ஜோடியை அப்படியே ஒதுக்கிவைத்துவிட்டு வேறு வாங்க வேண்டிவந்தது.

ஆசாரியார் வந்து பார்த்தார். சேனலைத் தொடக்கூட இல்லை, பெட்டிக்குள் கையை விட்டு நடுப்பலகையைத் தட்டினார். "தம்பி, மரம்னா கோணல் எங்க இருக்குன்னு அதுவே தேஞ்சு தேஞ்சு வழி பண்ணிக்கிடும். இரும்புக்கு அந்தப் பழக்கம் கெடையாது. நீ பெட்டியத்தான் நேராக்கணும்" என்றார்.

"பலகைய அவுக்கணுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அவுக்காண்டாம். இழுப்பறைய ஒரு நூல் சின்னதாக்கு. முன்பக்கம் சன்மைக்கா துண்டு வச்சு நெரப்பு."

அதைத்தான் செய்தேன். இழுப்பறையைப் பின்பக்க அளவுக்குக் குறைத்தேன். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள சன்மைக்கா துண்டுகளை நறுக்கி, முன்பக்கத்தில் மூன்று, நடுவில் இரண்டு, பின்னால் ஒன்றுமில்லை என்று சேனலுக்கும் நடுப்பலகைக்கும் இடையில் வைத்து முடுக்கினேன். சேனலைப் பொறுத்தவரை பெட்டி நேராகிவிட்டது. இரண்டு சேனலும் ஒரே உயரத்தில் இருக்க, பிளைவுட் துண்டு ஒன்றைத் தேவையான உயரத்துக்கு அறுத்து, அதைத் தரையில் நிறுத்தி அதன்மேல் சேனலை உட்காரவைத்து இருபுறமும் முடுக்கினேன். டேப்பால் அளந்து பென்சில் கோடு போடுவதைவிட இது நூறு மடங்கு நம்பகமானது. முதல் இரண்டு ஸ்க்ரூவை நீள்வட்டத் துளைகளில் மட்டும் போட வேண்டும். இழுத்துப் பார்த்து, ஏற்றி இறக்கிச் சரிசெய்த பிறகே வட்டத் துளைகளில் முடுக்கிப் பூட்ட வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றுகிறவர்கள் துளைமேல் துளை போட்டுப் பலகையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மரம் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது, மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளாதா என்பதைத்தான். இறுகும், ஆனால் எந்தத் திசையில் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மரம் நார் ஓடும் நீளத்தில் ஏறக்குறைய நீளுவதே இல்லை. நாருக்குக் குறுக்கேதான் பருக்கும். இழுப்பறையின் பக்கப்பலகையில் நார் முன்னும் பின்னுமாக ஓடுகிறது, முகப்புப் பலகையில் இடவலமாக ஓடுகிறது. அதனால் மழையில் இழுப்பறையின் நீளமும் மாறாது, அகலமும் மாறாது. மாறுவது உயரம் ஒன்றுதான். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காடாக இருக்கும்போது மரத்துக்குள் ஏறத்தாழ 11 விழுக்காடு ஈரம் நிற்கும். காற்று 85 விழுக்காட்டுக்குப் போய் அப்படியே இருந்தால் மரம் 17, 18 வரைகூடப் போகும். பச்சையிலிருந்து முற்றாகக் காயும்வரை தேக்கு, வளையத்தின் போக்கில் மொத்தம் ஆறு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் சுருங்குகிறது. ஐரோப்பிய பீச் மரம் அதில் இரு மடங்கு. என் ஆறு அங்குலப் பக்கப்பலகை கோடைக்கும் மழைக்கும் இடையில் நாலு விழுக்காடு ஈரம் கூடுதலாகக் குடித்தால், உயரத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். அவ்வளவுதான்.

அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கே போய் முட்டுகிறது என்பதில் மர ஓட்டங்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. பழைய பாணி மேசைகளில் இழுப்பறை அடியில் சட்டத்தின்மேல் உட்கார்ந்து ஓடும். வெளியே இழுக்கும்போது முன்பக்கம் தலைசாயாமலிருக்க மேலே இன்னொரு சட்டம் தடுக்கும். இரண்டு சட்டத்துக்கும் நடுவில் முழு உயரமும் அகப்பட்டிருப்பதால், மழையில் இறுகும் இழுப்பறை இதுதான். காடியில் தொங்கும் இழுப்பறைக்கு அந்தச் சிக்கல் இல்லை. ரீப்பரின் உயரம் முக்கால் அங்குலம். அதில் ஏற்படும் வளர்ச்சி ஒரு தடித்த காகிதத்தின் கனம்கூட இராது. ஆறு அங்குலத்தின் வளர்ச்சி மேலேயும் கீழேயும் காலி இடத்துக்குப் போய்விடுகிறது. பழைய பெட்டிக்குள் மர இழுப்பறை வைக்கிறவர்களுக்கு நான் காடி முறையையே சொல்வேன். சட்டம் கட்டும் முறைக்குப் பெட்டிக்குள் ஒரு கூடே தனியாகக் கட்ட வேண்டிவரும்.

அடிச்சட்ட முறையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஜப்பானுக்குப் போக வேண்டும். நீகாத்தா மாவட்டத்தின் காமோ ஊரில் கிரி என்னும் மரத்தில் துணி வைக்கும் பேழைகள் செய்கிறார்கள். மிக லேசான மரம், ஈரத்துக்கு அதிகம் அசையாதது. ஓர் இழுப்பறையைத் தள்ளி மூடினால், உள்ளே அகப்பட்ட காற்று மற்றோர் இழுப்பறையை மெல்ல வெளியே தள்ளும், அவ்வளவு நெருக்கம். கைத்திறனில் அதற்கு மேல் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அது பட்டுத்துணிக்கும் மூடிய அறைக்கும் ஏற்ற நெருக்கம். தூசியும் உப்புக்காற்றும் அடிக்கும் இடத்தில் ஓடும் இழுப்பறைக்கு ஒரு மில்லிமீட்டர் தளர்ச்சி வேண்டும். நெருக்கத்தையே தேர்ச்சியின் அடையாளமாக எடுத்துக்கொண்டு பட்டறை இழுப்பறையை இறுக்கிச் செய்வது தவறு என்று அழுத்திச் சொல்வேன்.

ஓட்டத்துக்கு வருவோம். இங்கே சேனலுக்கு மரம் ஈடே இல்லை. காய்ந்த மரத்தின்மேல் மரம் உராயும்போது, எடையில் ஏறத்தாழ கால் பங்கிலிருந்து அரைப்பங்குவரை விசை கொடுத்தால்தான் நகரும். 20 கிலோ கருவி உள்ள இழுப்பறைக்கு எட்டுக் கிலோ இழுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். மெழுகுவர்த்தியை ரீப்பரில் தேய்த்தால் அது ஏறக்குறைய பாதியாகும். சேனலில் அதே 20 கிலோவை ஒரு விரலால் இழுக்கலாம். பசைக் கையோடு நிற்கும்போது இந்த ஒரு விரல் பெரிய விஷயம்.

மரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் இழுப்பறை குறுக்காகத் திரும்பி இறுகிக்கொள்ளும். இதற்கு எளிய கணக்கு இருக்கிறது. இழுக்கும் இடம் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதை உராய்வெண்ணால் பெருக்கி இரட்டிப்பாக்குங்கள். அந்த அளவைவிடக் குறைவான நீளம்தான் பெட்டிக்குள் மிச்சம் என்றால், எவ்வளவு பலமாக இழுத்தாலும் நகராது; பலம் கூடக் கூட இறுக்கமும் கூடும். என் இழுப்பறையில் மூலையைப் பிடித்தால் விலகல் எட்டு அங்குலம். உராய்வெண் 0.4 என்றால் ஆறரை அங்குலம் உள்ளே இருக்கும்போதே நின்றுவிடும். மெழுகு போட்டு 0.2 ஆக்கினால் கடைசி மூன்று அங்குலம்வரை வரும். ஆகவே மர இழுப்பறை அகலத்தைவிட ஆழம் கூடியதாக இருக்க வேண்டும். கைப்பிடி ஒன்றே ஒன்று, நடுவில். அழகுக்காக இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடி வைத்தால், அவசரத்தில் ஒற்றைக் கையால் ஓரத்தைத்தான் இழுப்போம்.

எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்பதில் வித்தியாசம் இன்னும் பெரிது. காடி இழுப்பறையை மூன்றில் இரண்டு பங்கு இழுத்தால் போதும், அதற்கு மேல் ரீப்பரின் முன்முனை காடியின் மேல்விளிம்பையும், காடியின் பின்முனை ரீப்பரின் அடியையும் கடித்துக் குழி விழச் செய்யும். 20 அங்குல இழுப்பறையில் பின்னால் ஆறேழு அங்குலம் எப்போதும் இருட்டில்தான். மூன்றடுக்குச் சேனல் முழுதாக வெளியே வந்துவிடும். ஆனால் இதிலும் பட்டறை மேசைக்கு ஒரு கணக்கு உண்டு. மேசைப்பலகை பெட்டிக்கு முன்னால் மூன்று அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது, கிளாம்ப் பிடிக்க அது வேண்டும். முழுச் சேனலிலும் பின்னால் மூன்று அங்குலம் அந்த நிழலுக்குள் போய்விடுகிறது. மர இழுப்பறைக்கு நிழலும் சேர்ந்து பாதி ஆழம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. இதை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இடது இழுப்பறையை 14 அங்குல நீளத்தில் செய்துவிட்டு, பின்னால் மிஞ்சும் இடத்தை நீளமான ரீப்பர் துண்டுகளை நிறுத்திவைக்க விட்டிருப்பேன்.

சேனல் பக்கவாட்டில் இடத்தைத் தின்னும் என்பது பரவலான எண்ணம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அளந்தால் வேறு மாதிரி இருக்கிறது. இடது இழுப்பறையில் காடிக்காக முக்கால் அங்குலப் பலகை இருபுறமும், இடைவெளி மொத்தம் ஒரு நூல். உள்ளகலம் 16 அங்குலமும் மூன்று நூலும். வலதில் சேனலுக்கு ஓர் அங்குலம், 12 மி.மீ. பிளைவுட் இருபுறமும், நேர்ப்பெட்டியாக இருந்தால் உள்ளகலம் 16 அங்குலம். வித்தியாசம் மூன்று நூல்தான். இதை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை.

தூசி விஷயத்தில் நான் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு. மரத்தூள் மரக் காடியில் படிந்தால் இழுக்கும்போது அதுவே முன்னால் தள்ளப்பட்டு விழுந்துவிடுகிறது. வருடத்துக்கு இரண்டு தடவை இழுப்பறையை முழுதாக உருவி, காடியைத் துணியால் துடைத்து, மெழுகு தேய்ப்பதோடு சரி. சேனலில் கடையிலிருந்து வரும்போதே கிரீஸ் இருக்கிறது. அந்தக் கிரீஸில் மெல்லிய தூள் ஒட்டிக் களிம்பாகி, குண்டுகள் உருளாமல் சறுக்க ஆரம்பிக்கின்றன. ஓட்டத்தின் கடைசியில் ஒரு முட்டல் தெரியும். பலமாகத் தள்ளினால் சரியாகிவிடும், ஆனால் மறுபடி வரும். பெரிய சீவலால் கெடுதல் இல்லை. உப்புத்தாள் மெஷினிலிருந்து வரும் மாவுத்தூள்தான் எதிரி. உளி தீட்டும் கிரைண்டரின் இரும்புப்பொடி அதைவிட மோசம், குண்டு ஓடும் பாதையையே அறுத்துவிடும். கிரைண்டரை வலது அறையிலிருந்து எட்டடி தள்ளி வைத்த பிறகுதான் சேனல் ஒழுங்காக ஓடுகிறது. களிம்பைத் துடைத்த பிறகு மறுபடி கிரீஸ் போடாமல் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெயோடு நிறுத்திக்கொண்டேன். இழுப்பறைக்கு மேலே பெட்டியின் முழு அகலத்துக்கும் ஒரு மெல்லிய பிளைவுட்டை மூடியாக அறைந்ததும் நல்ல பலன் தந்தது.

உப்புக்காற்று தனி. சேனல்கள் துத்தநாகம் பூசிய உருக்குத் தகடுகள். பூச்சு முழுதாக இருக்கும் இடத்தில் ஒன்றும் ஆகவில்லை. வெட்டுமுனைகளிலும், ஸ்க்ரூத் தலை உரசிய இடத்திலும் இரண்டாவது மழையிலேயே துரு. இடது இழுப்பறையில் இரும்பு என்று பார்த்தால் ரீப்பரைப் பிடிக்கும் ஸ்க்ரூ மட்டுமே.

மேசைமேல் கொட்டாப்புளியால் உளியை அடிக்கும்போது இரண்டு இழுப்பறையும் எப்படி நடந்துகொள்கின்றன என்பது எனக்குப் புதிய பாடம். மேசை முன்பக்கம் ஒரு பொட்டு சரிந்திருந்தாலும் சேனல் இழுப்பறை ஒவ்வோர் அடிக்கும் மெதுவாகத் திறந்துகொண்டே வரும். கால்களுக்கு அடியில் ஆப்பு வைத்து ரசமட்டம் பார்த்த பிறகும், அடி பலமாக விழும் நாட்களில் அரை அங்குலம் வெளியே வந்து முட்டியில் இடிக்கிறது. பிடித்துவைக்க ஒரு காந்தம் பொருத்தியிருக்கிறேன். மர இழுப்பறை வைத்த இடத்திலேயே நிற்கிறது. இழுக்கும்போது தொல்லை தந்த அதே உராய்வு இங்கே காவல்.

பாரம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 45 மி.மீ. அகலச் சேனல், ஜோடிக்கு 35 முதல் 45 கிலோவரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். ஐந்தாம் நம்பர் இழைப்புளி ஒன்று சுமார் இரண்டு கிலோ, கை அறுப்பு மெஷின் நாலு கிலோ. ஒரு இழுப்பறையில் 30 கிலோ சேர அதிக நாள் ஆகாது. மரத்திலும் 30 கிலோ நிற்கும், ஆனால் இழுக்க யாருக்கும் மனம் வராது. முழுதாக வெளியே வந்த 30 கிலோ பெட்டியை முன்னால் சாய்க்கப் பார்க்கும். என் மேசை கனமானது, அசையவில்லை. சக்கரம் வைத்த லேசான மேசைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூலைப் பிணைப்பிலும் இரண்டுக்கும் தேவை வேறு. மர இழுப்பறையில் ஒவ்வொரு இழுப்பும் முகப்புப் பலகையைப் பக்கப்பலகையிலிருந்து பிய்க்கப் பார்க்கிறது. அதனால்தான் புறாவால் வடிவில் கோத்துப் பூட்டும் டவ்டெயில் அங்கே அலங்காரமல்ல, அவசியம். சேனல் இழுப்பறையில் இழுப்பு சொற்பம். பிளைவுட்டைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டுச் சேர்த்தாலே நிற்கிறது. புதிதாகக் கைவைக்கிறவருக்குச் சேனல் எளிது என்று சொல்வதற்கு உண்மையான காரணம் இது. அளவில் கறார், வேலையில் சலுகை.

இரண்டின் வம்சமும் வேறு வேறு. பிரெஞ்சுத் தச்சர் ரூபோ 1769 முதல் வெளியிட்ட பெருநூலில் வரைந்த பட்டறை மேசையிலேயே மர இழுப்பறை ஒன்று உண்டு. நம்மூர்த் தச்சர்கள் தரையில் உட்கார்ந்து காலால் மரத்தைப் பிடித்து வேலை செய்தவர்கள். மேசையும் அலமாரியும் பொருளாகவும் பெயராகவும் போர்த்துகீசியரிடமிருந்து வந்தவை. இழுப்பறையை யாழ்ப்பாணத்தில் லாச்சி என்பார்கள், அது டச்சுச் சொல். 1741இல் திருவிதாங்கூர்ப் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்ற ஊரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்தச் சொல் எங்கள் கரையில் இறங்காமல் கடலுக்கு அந்தப் பக்கம் தங்கிவிட்டது. எங்களுக்கு அருகில் மலையாளத்தில் வலிப்பு என்கிறார்கள், இழுப்பது என்ற பொருளில். சேனல் தச்சனின் பொருளே அல்ல, கொல்லனின் பொருள். இன்று இழுப்பறை ஓட்டத்தில் பெயர்பெற்ற ஆஸ்திரிய நிறுவனமான ப்ளூம், 1952இல் குதிரை லாடத்தில் வழுக்காமலிருக்கப் பொருத்தும் முளைகளைச் செய்யத் தொடங்கிய பட்டறை. ஜெர்மனியின் ஹெட்டிஷ் 1888இல் கடிகார உதிரிபாகம் செய்யத் தொடங்கியது. அளவில் அவர்கள் காட்டும் கறாரை நினைத்தால், கடிகாரக்காரர் கை அதில் இருப்பது இயல்பாகவே படுகிறது.

பழுது பார்ப்பதில்தான் என் மனம் மரத்தின் பக்கம் சாய்கிறது. ரீப்பர் தேய்ந்தால் புரட்டிப் போடலாம், மறுபக்கம் புதிது. காடி அகன்றால் ஒரு கீற்று ஒட்டி மறுபடி சீவலாம். இதற்கெல்லாம் கடைக்குப் போகத் தேவையில்லை. சேனலில் குண்டுத்தகடு வளைந்துவிட்டால் தீர்ந்தது. ஒன்றை மட்டும் மாற்றவும் முடியாது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். அதே நீளம் கிடைத்தாலும் துளைகள் பழைய இடத்தில் விழாது. பழைய துளைக்கு ஒரு நூல் பக்கத்தில் புதுத் துளை போட்டால் பிளைவுட் ஸ்க்ரூவைப் பிடிக்காது. மூங்கில் குச்சியைப் பசையில் தோய்த்து அடைத்து, காய்ந்த பிறகே போட வேண்டும். ஒரு ஜோடியின் விலை சில நூறு ரூபாய்தான் என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுப்பதில்லை. எனக்கு விலையைவிட, ஒதுக்கிவைத்த அந்த முதல் ஜோடிதான் உறுத்துகிறது. அதில் ஒரு பகுதியைக்கூட வேறு எதற்கும் பயன்படுத்த முடியவில்லை.

இருந்தும் எல்லாவற்றுக்கும் மரமே என்று சொல்ல மாட்டேன். முழங்காலுக்குக் கீழே இருக்கும் இழுப்பறையை நாம் மேலே நின்றபடி பார்க்கிறோம். முழுதாக வெளியே வராவிட்டால் அதில் பாதிக்கு அர்த்தமில்லை. கனமானவையும் கீழேதான் போகவேண்டும். அங்கே சேனல்தான். மேசைப்பலகைக்கு நேர் கீழே இருக்கும் ஆழம் குறைந்த இழுப்பறையில் உளி, கோடு போடும் கருவி, பென்சில், அளவுகோல் என்று ஐந்தாறு கிலோவுக்கு மேல் சேராது. அடிக்கடி திறப்பதும், கொட்டாப்புளியின் அதிர்ச்சி நேரே இறங்குவதும் அங்கேதான். அங்கே மரம் போதும் என்பதல்ல, மரமே மேல். இந்த இரண்டு வருடத்தில் கருவிகள் அப்படித்தான் தாமாக இடம் பிரிந்துகொண்டன. தொடக்கத்தில் இரண்டு இழுப்பறையிலும் கலந்து வைத்திருந்தேன். இப்போது இடதில் உளிகள் துணி விரித்த பள்ளங்களில் கிடக்கின்றன, வலதில் கிளாம்ப்புகளும் இழைப்புளிகளும் டிரில்லும்.

இரண்டு அறையிலும் கீழ்ப்பாதி இன்னும் காலி. ஆசாரியார் கொடுத்த இன்னொரு அயினித் துண்டு நாலு மாதமாகப் பட்டறைச் சுவரில் சாய்ந்து காய்கிறது. ஆனால் கீழே போகவேண்டியது கிளாம்ப்புகளின் இரண்டாவது கூட்டம், மொத்தம் 25 கிலோ. அதற்கு 20 அங்குலச் சேனல் ஒரு ஜோடி வாங்கி, பிரிக்காமல் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை சன்மைக்கா துண்டு வேண்டாம். வரும் சித்திரையில், காற்று காய்ந்திருக்கும்போது, பெட்டியை முழுதாகக் காலிசெய்து, நடுப்பலகையை அவிழ்த்து, மூலைமட்டம் வைத்து நேராக நிறுத்தப் போகிறேன். அப்படி நிறுத்தினால் இடது இழுப்பறையின் ரீப்பருக்குப் பின்னால் நான் வைத்த ஆப்பையும் எடுக்க வேண்டிவரும். அதற்கு இரண்டு சீவல் போதும்.